அறுக்காமல் விட்ட கோதுமை

ஹிஜ்ரி 749, எகிப்து உழவர் கணக்கில் கியாஹ்க் மாதம் 29
மின்யா கஸீப்

இறைவன் பெயரால், என் வீட்டுக்காரர் கலஃபுக்கு ஹம்தூனா எழுதுவது.

நானும் மகள் நர்ஜிஸும் உங்கள் உம்மாவும் உயிரோடு இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை.

உங்கள் அண்ணன் மிஸ்பாஹ் பெருநாளுக்கு முந்தின நாள் போய்விட்டார். காலையில் அக்குளில் ஆலிவ் காய் அளவு கட்டி இருந்தது. சாயங்காலம் ரத்தமாகக் கக்கினார். அந்த வாரத்திலேயே அவர் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். நம் தெருவில் இப்போது புகை எழும்பும் அடுப்பு நம்முடையது மட்டும்தான். மற்ற வீடுகளின் கோழிகள் எல்லாம் பசியில் நம் வாசலுக்கு வருகின்றன.

ஆற்று வெள்ளம் வடிந்ததும் நெய்த துணியை எடுத்துக்கொண்டு படகேறும்போது என்ன சொன்னீர்கள்? “வெதைக்கிறதுக்குள்ள வந்துருவேன் புள்ள” என்றீர்கள். உங்கள் அண்ணனும் நானும்தான் விதைத்தோம். அவர் சேற்றில் தூவிக்கொண்டே முன்னால் போனார். நான் பின்னால் பனங்கட்டையை இழுத்து மூடினேன். அவர் தூவியது இப்போது பச்சையாக நிற்கிறது. பார்க்க அவர் இல்லை.

பானை ஏற்றி வரும் படகுக்காரன் ஹுபைஷ் நேற்று ஒரு சேதி சொன்னான்: “ஒங்க வீட்டுக்காரர கெய்ரோவுல நஸ்ர் கோட்டை வாசல்ல பாத்தேங்க்கா. தலப்பா பெருசாயிருச்சு. செத்தவங்க மையத்துக்கு முன்னால ஓதிக்கிட்டுப் போறாரு. சும்மா சொல்லக் கூடாது, குரல் கணீர்னு இருக்கு.”

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? என் வாப்பாவின் பள்ளியில் நீங்கள் ஓதியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுத்தானே உங்களைக் கட்டிக்கொண்டேன். வாப்பா உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே குர்ஆனில் சில சூராக்கள்தான். அவற்றை வைத்து ஒரு தலைநகரத்தையே அடக்கம் செய்கிறீர்களாம்.

துணி விற்றதோ விற்கவில்லையோ, வந்து சேருங்கள். இங்கே ஆம்பிளை இல்லை.

ஹம்தூனா


தூபா மாதம் 12
கெய்ரோ, நஸ்ர் வாசல்

அன்புள்ள ஹம்தூனாவுக்கு, கலஃப்.

அண்ணன் சேதியைப் படித்துவிட்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவர்கூட என்னவென்று கேட்கவில்லை. இங்கே தெருவில் உட்கார்ந்து அழுகிறவனைத் திரும்பிப் பார்ப்பது நின்றுபோய்ப் பல நாளாகிறது.

நான் எப்படி வருவேன் சொல். உனக்குத் தெரியாத மார்க்கமா? கொள்ளைநோய் இருக்கிற ஊரைவிட்டு அதற்குப் பயந்து வெளியேறக் கூடாது. உன் வாப்பாவே அதைப் பள்ளியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இங்கே அது இருக்கிறது. கொஞ்ச நஞ்சமாக இல்லை. சந்தூக்குப் பெட்டி பற்றாமல் கடைக் கதவுகளைக் கழற்றி மையத்தைத் தூக்குகிறார்கள். பட்டு நெய்கிறவன், தண்ணீர் சுமக்கிறவன், எல்லோரும் தொழிலை விட்டுவிட்டுச் சுமக்கவும் ஓதவும் வந்துவிட்டார்கள். கல்யாணப் பாட்டுக்காரர்களும் ஓதுகிறார்கள். ராகம் மட்டும் இன்னும் கல்யாண ராகமாகவே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் எழுத்துப் பிசகாமல் ஓதுகிறவன் நான் ஒருவன். பெரிய வீட்டுக்காரர்கள் ஆள்விட்டு அழைக்கிறார்கள். “ஷேக் கலஃப் வந்தாச்சா?” என்று கேட்கிறார்கள். என்னை, ஷேக் என்று!

நான் சும்மா இல்லை, ஹம்தூனா. மூன்று தலைமுறை காணாத வரும்படி இது. ஹுபைஷிடம் வெள்ளைத் துணி ஒரு சுருள் அனுப்பியிருக்கிறேன், நல்ல மெல்லிய நூல். நர்ஜிஸுக்கு அடுத்த பெருநாளைக்கு உடுப்புத் தைத்துப் போடு. சர்க்கரைக் கட்டியும் இருக்கிறது. அவள் பல் விழுந்ததா? விழுந்த பல்லைச் சூரியனைப் பார்த்து எறியச் சொல், பொன் பல்லாகக் கேட்கச் சொல்.

இங்கே தணிந்ததும் வருகிறேன்.

கலஃப்


அம்ஷீர் மாதம் 5
மின்யா கஸீப்

கலஃபுக்கு.

பல் விழுந்தது. சூரியனைப் பார்த்து எறிந்தாள். அது கூரைமேல் விழுந்துவிட்டது என்று அழுதாள். மறுநாள் சுரம்.

நீங்கள் அனுப்பிய துணியில் உடுப்புத் தைக்கவில்லை. அடக்கத்துக்குக் கஃபன் தைத்தேன். தைக்க என்ன இருக்கிறது, கிழித்துச் சுற்றுவதுதானே. அவளுக்குக் கொஞ்சம்தான் தேவைப்பட்டது. மிச்சத்தை ஊர்ப் பெண்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், அவரவர் வீட்டுக்கு.

குளிப்பாட்டினது நான். தண்ணீர் ஊற்றினது உங்கள் உம்மா. இமாம் முந்தின வாரமே போய்விட்டார். மிஞ்சிய கிழவர்களில் ஒருவர் தொழவைத்தார். பாதியில் மறந்துவிட்டு நின்றார். பின்னால் நின்ற நான் எடுத்துக் கொடுத்தேன். பெண்பிள்ளை குரல் கொடுத்ததற்கு ஒருவரும் கோபிக்கவில்லை. கோபிக்க ஆளும் இல்லை.

கெய்ரோவில் ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் ஓதினீர்கள். உங்கள் மகளுக்கு நான் ஓதினேன், திக்கித் திக்கி. அந்த நேரத்தில் நீங்கள் யாருடைய சந்தூக்குக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தீர்கள்?

நோய்க்குப் பயந்து ஓடத்தான் தடை. நோய் இருக்கிற ஊரிலிருந்து நோய் இருக்கிற ஊருக்கு, பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வருவதற்குப் பெயர் ஓட்டமா? யாரிடமாவது கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டால் போகலாம் என்று சொல்லிவிடுவார்களே.

உங்கள் உம்மா சொல்லி எழுதச் சொன்னது இது, ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்: “டேய், ஷேக்கு! ஒன்னப் பெத்தவ இன்னும் மவுத்தாகல. அதுக்குள்ள வா. வந்தா எனக்காச்சும் காசு கேக்காம ஓது.”

சர்க்கரைக் கட்டி அப்படியே இருக்கிறது. எறும்பு மொய்க்கிறது. எறியவும் மனசு வரவில்லை.

ஹம்தூனா


அம்ஷீர் மாதம் 20
கெய்ரோ

ஹம்தூனா,

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். என் மகளே, என் மகளே என்று எழுதுவதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இரண்டு நாள் ஓதப் போகவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள், போனேன். வாயைத் திறந்தால் அழுகை வந்தது. அந்த வீட்டார் தங்கள் மையத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். இதை யாரிடம் சொல்ல?

ஆனால் நீ எழுதுகிற விதம் சரியில்லை. நான் இங்கே ஆடிப் பாடிக்கொண்டிருக்கிறேனா? நேற்று என்னோடு தோள்கொடுத்தவனை இன்று நான் சுமக்கிறேன். ஒவ்வொரு காலையும் அக்குளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். என்னை நம்பாமல், ‘கேட்டீர்களா, கேட்டீர்களா’ என்று குத்துகிறாய். புருஷன் சொல்லுக்கு உன் வீட்டில் மரியாதை அவ்வளவுதானா?

சரி. நம்பாதவளுக்கு நம்பும்படியே சொல்கிறேன். கூட ஓதுகிற இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லி, எழுதுகிறேன்: நான் ஊர் வந்து சேர்வதற்கு முன் நம் வயல் கோதுமை அறுபட்டால், நீ எனக்கு முத்தலாக்.

இப்போது நம்புகிறாயா, அறுவடைக்குள் வந்துவிடுவேன் என்று? இதைவிடப் பெரிய சத்தியம் ஒரு ஆண்பிள்ளையால் செய்ய முடியாது.

கலஃப்


பரம்ஹாத் மாதம் 14
மின்யா கஸீப்

கலஃபுக்கு.

தர்பூசணி விற்கிறவன், “இது இனிக்கலேன்னா எம் பொண்டாட்டி தலாக்கு” என்று கத்துவானே, அதுபோல நீங்களும் சொல்லிவிட்டீர்கள். அவன் பழம் இனிக்காவிட்டால் பழத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் ஒன்றுமறியாமல் மாவு பிசைந்துகொண்டிருக்கிறவள் நடுத்தெருவுக்கு வருகிறாள். சத்தியம் செய்தது நீங்கள். சுருக்கு விழுந்தது என் கழுத்தில்!

நீங்கள் வருகிறீர்களா இல்லையா என்பது உங்கள் கையில் இருக்கிறது. கோதுமை முற்றுவது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. இது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

ஸமன்னூதுக்கு நடந்து போனேன். அங்கே மார்க்கத் தீர்ப்புச் சொல்கிறவர்களில் ஒருவர்தான் மிச்சம். வாசலில் பெரிய கூட்டம். முக்கால்வாசி, யார் முதலில் இறந்தார், யார் சொத்து யாருக்கு என்ற வழக்கு. என் முறை வந்தது. கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கான் இந்த மனுசன்?”

“செல்லாதுன்னு சொல்லுங்களேன் ஹஸ்ரத்து. கோவத்துல எழுதினது.”

“சாட்சி வச்சு எழுதியிருக்கானேம்மா. செல்லும். அவன் வர்றதுக்கு முன்னாடி அறுத்தா நீ அவன் சம்சாரம் இல்ல.”

“அப்ப அறுக்காம விட்டா?”

“விட்டா பட்டினி கிடப்பே.” கடிதத்தை மறுபடியும் படித்தார். “ஒண்ணு செய். வயல் முழுக்க அறுபட்டாத்தான் அறுபட்டதா கணக்கு. ஓரமா ஒரு கீத்து அறுக்காம விட்டு வை. அது நிக்கிற வரைக்கும் ஒன் நிக்காஹும் நிக்கும்.”

நான் கும்பிடாத குறை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷத்தில் இல்லை. என் கல்யாணம் இப்போது எருமை மேயாமல் காக்க வேண்டிய ஒரு பொருளாகிவிட்டதே என்ற ஆத்திரத்தில்.

இவ்வளவு சொல்லியும் உங்களைத்தான் கேட்கிறேன். வாருங்கள். கதிர் மஞ்சள் கட்டுகிறது.

ஹம்தூனா


ஹிஜ்ரி 750, பரமூதா மாதம் 2
கெய்ரோ

ஹம்தூனாவுக்கு.

இறைவனுக்கே புகழ், இங்கே ஓய்ந்துவிட்டது. நஸ்ர் வாசலில் நாளுக்கு ஓரிரு மையத்துதான், அதுவும் சாதாரண மையத்து, வயதானவர்கள். கடைகள் ஒன்றிரண்டு திறக்கின்றன. கதவுதான் இல்லை; எல்லாம் மையத்தோடு போய்க் கபுருஸ்தானில் கிடக்கின்றன.

இப்போது கிளம்பலாம் என்று துணிமூட்டைகூடக் கட்டிவிட்டேன். அப்போதுதான் ஹுபைஷின் தம்பி வந்து, ஹுபைஷும் போய்விட்டான், ஊர்ப்பக்கம் இன்னும் அடங்கவில்லை என்றான். நோய் இல்லாத ஊரிலிருந்து நோய் இருக்கிற ஊருக்குள் போகக் கூடாது என்பதும் அதே கட்டளைதானே, ஹம்தூனா. பாதியை மதித்து மீதியை மீற முடியுமா?

கோபப்படாதே. சத்தியம் செய்தது உன்னை மிரட்ட அல்ல. என்னைக் கட்டிப்போட. நான் என்னை அறிவேன், கட்டிப்போட்டால்தான் நகர்வேன். அந்த ஹஸ்ரத்து சொன்னபடி கீற்று விட்டு வை. முடிந்தால் பெரிய கீற்றாக. முடிந்தால் வயலையே இன்னும் கொஞ்ச நாள் விட்டு வை.

கலஃப்


பஷன்ஸ் மாதம் 6
மின்யா கஸீப்

கலஃபுக்கு.

அங்கே நோய் இருந்தபோது வெளியே வரக் கூடாது. இங்கே நோய் இருக்கும்போது உள்ளே வரக் கூடாது. அப்படியானால் நீங்கள் எப்போதுதான் வரலாம்? கட்டளை உங்களைத் தடுக்கவில்லை. நீங்கள் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறீர்கள். இதை எழுதுவதற்கு இறைவன் என்னை மன்னிக்கட்டும். உங்களை மன்னிப்பது பற்றிப் பிறகு பார்க்கலாம்.

வயலை விட்டு வைக்கச் சொன்னீர்கள். கோதுமை உதிர ஆரம்பித்த பிறகு அதற்கு ஒரு நாள் தாங்காது என்று உழவன் மகனுக்கு நான் சொல்ல வேண்டுமா? சுற்றிலும் பார்த்தால் வயிறு எரிகிறது. விளைந்து கிடக்கிறது, அறுக்க ஆளில்லை. சிட்டுக்குருவிகள் பறக்க முடியாமல் பறக்கின்றன, அவ்வளவு தீனி.

நம் ஊர் விளைச்சலைச் சுல்தான் யாருக்குச் சம்பளமாக எழுதிக் கொடுத்திருக்கிறாரோ, அந்தக் குதிரைவீரன் தைபுகா, அவனே வந்து நின்றான். போன வருஷம் உங்கள் அண்ணனைச் சவுக்கால் அடித்தானே, அவன்தான். கூட இரண்டு வேலையாட்கள். வீடுவீடாகக் கத்திக்கொண்டு போனான்: “அறுக்கறவங்களுக்குப் பாதி! அறுக்கறவங்களுக்குப் பாதி!” பாதி வீடுகளில் கேட்க ஆளில்லை. உழவனுக்குப் பாதி என்று நம் பாட்டன் காலத்திலாவது கேள்விப்பட்டதுண்டா?

நான் வெளியே வந்து, “பாதி பத்தாது. வைக்கோலும் வேணும்” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

“எடுத்துக்கோ. எல்லாம் எடுத்துக்கோ. அறு, முதல்ல அறு” என்றான்.

அவனும் அறுத்தான், கலஃப். குதிரையேறும் செருப்போடு வயலில் இறங்கி, அரிவாளை வாள்போல வீசி, கதிரைப் பாதியில் வெட்டினான். வரப்பில் உட்கார்ந்திருந்த உங்கள் உம்மா பொறுக்க முடியாமல், “ஐயா, அது ஒண்ணும் உங்களத் திருப்பி அடிக்காது. குனிஞ்சு அறுங்க” என்றார். நான் பயந்துபோனேன். அவன் குனிந்து அறுத்தான். நர்ஜிஸ் போன பிறகு அன்றைக்குத்தான் நானும் உங்கள் உம்மாவும் சிரித்தோம்.

நம் வயலை நான், உம்மா, பக்கத்துத் தெரு விதவை வர்தா மூவரும் அறுத்தோம். கால்வாய் ஓரமாக ஒரு கீற்று விட்டிருக்கிறேன். நாலு பேர் தொழ நிற்கும் அளவு. முள் வெட்டிச் சுற்றிலும் போட்டிருக்கிறேன். காலையும் மாலையும் போய்க் குருவி விரட்டுகிறேன்.

இன்னொன்று கேளுங்கள். களத்தில் அளக்கும்போது தைபுகா கேட்டான்: “இந்த நிலம் கலஃப் பேர்ல இருக்கு. அவன் எங்க?” வருவார் என்றேன். “தண்ணி ஏறுறதுக்குள்ள வரணும். ஆளில்லாதவன் நிலத்த நான் வெளியூர்க்காரனுக்குக் குடுத்துருவேன். பொண்டாட்டி வந்து நின்னா ஆகாது, நிலம் அவ பேர்ல இல்ல.” நான் கேட்டேன், புருஷன் இல்லாத பெண்ணாக இருந்தால்? “வர்தா மாதிரியா? அது வேற. அறுத்தவ அவ, நிலம் அவ பேருக்கு எழுதியாச்சு. எனக்கு உழ ஆள் வேணும். ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கற நாளெல்லாம் போச்சு.”

புரிகிறதா? விதவைக்கு நிலம் உண்டு. உங்கள் மனைவிக்கு இல்லை. அந்தக் கீற்றை நான் நிற்க வைத்திருப்பது எதற்காக என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்காகத்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

போன மாதப் பாதியிலிருந்து ஊரில் ஒருவருக்கும் நோய் இல்லை. அங்கும் இல்லை, இங்கும் இல்லை. இனி எந்தக் கட்டளை?

ஹம்தூனா


பஊனா மாதம் 3
ஸிஃப்தா படகுத்துறை

ஹம்தூனா, நான் ஸிஃப்தாவில் இருக்கிறேன்!

பார்த்தாயா, கிளம்பிவிட்டேன். இங்கிருந்து ஊர் ஒரு நாள் படகு. காற்று நன்றாக இருந்தால் அதுகூட இல்லை.

நேராகத்தான் வந்திருப்பேன். படகு இங்கே கரை சேர்ந்தபோது, எண்ணெய் வியாபாரி ஒருவர் என் தலைப்பாகையைப் பார்த்து ஓடி வந்தார். அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள் போய்விட்டார்களாம், ஒழுங்காக ஓதவே ஆள் கிடைக்கவில்லையாம். தட்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

இல்லை. உன்னிடம் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. அவர் கூப்பிடாவிட்டாலும் நான் இறங்கியிருப்பேன். படகில் எனக்கு எதிரே ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள், முன்பல் இல்லாமல். ஊர் நெருங்க நெருங்க அந்தச் சிறுமியைப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர் மையத்தையெல்லாம் தூக்கினேன், எதற்கும் பயப்படவில்லை. நம் வீட்டு வாசலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நான் உள்ளே நுழையும்போது நர்ஜிஸ் ஓடி வரமாட்டாளே. நான் வராத வரைக்கும், எனக்கு எங்கோ அவள் ஓடி வந்துகொண்டேதான் இருக்கிறாள். இதுதான் விஷயம். கட்டளை, வரும்படி எல்லாம் நான் சொல்லிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கிளம்புகிறேன். கீற்று நிற்கிறதா? ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. நிற்கிறது என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

கலஃப்


பஊனா மாதம் 15
மின்யா கஸீப்

கலஃப் அவர்களுக்கு, பள்ளி ஆசிரியர் மகள் ஹம்தூனா எழுதுவது. உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்து நானும் உம்மாவும் சேர்ந்து அழுதோம். பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. இந்த வருஷம் முழுக்க நீங்கள் எழுதியதில் உண்மை அது ஒன்றுதான். அதற்காக மறுபடியும் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை முகத்தைக் கழுவி, கண்ணுக்கு மையிட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். ஸிஃப்தாவிலிருந்து முலாம்பழப் படகு வந்தது. முலாம்பழம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை போனேன். முலாம்பழம். அதற்கு மறுநாளும் முலாம்பழம். படகுக்காரனிடம் கேட்டேன். “ஷேக்கையா எண்ணெய்க்காரர் வீட்லதான் இருக்காரு. இப்ப அவரு மச்சினன் வீட்டுக்கும் ஓதக் கூப்பிட்டிருக்காங்க” என்றான். நல்ல பழமாகப் பார்த்து ஒன்று இனாமாகவும் கொடுத்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

உங்களுக்கு அந்த வாசல் பயமாக இருக்கிறது. எனக்கு மட்டும் இனித்ததா? நான் தினமும் அந்த வாசலைப் பெருக்குகிறேன். அவள் பல் விழுந்த கூரையின் கீழேதான் படுக்கிறேன். ஓடி வராத பிள்ளையை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் சேர்ந்து பார்த்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். அதற்குத்தான் வரச் சொன்னேன். கோதுமை அறுக்க இல்லை.

நேற்றுக் காலை தைபுகா எழுத்தரோடு களத்துக்கு வந்து உட்கார்ந்தான். ஆறு நிறம் மாறத் தொடங்கிவிட்டது, இனித் தாமதிக்க மாட்டேன் என்றான். நான் வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்தேன். உங்கள் உம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போறியா?”

“போறேன் மாமி. போனா, நாளையிலேர்ந்து நான் ஒங்க மருமவ இல்ல.”

“அவன் பெண்டாட்டி இல்லேன்னு சொல்லு. எனக்கு நீ என்னான்னு சொல்றதுக்கு அவனுக்கு என்னா அதிகாரம் இருக்கு? இரு, தனியாப் போகாதே. குனிஞ்சா எனக்கு இடுப்பு புடிக்கும், ஆனா தாளைப் புடிச்சுக்கறேன்.”

அவர் பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன். மணியெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. இவ்வளவு நாளாக நான் காவல் காத்தது வெறும் வைக்கோலை. கடைசிக் கொத்தை அறுக்கும் முன் ஒருமுறை ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அறுத்து முடித்தபிறகு கால்வாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. நேராகக் களத்துக்குப் போய் என் பெயரைச் சொன்னேன். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

உங்கள் துணிமணி, கலப்பை, உங்கள் பங்கு எல்லாம் உம்மாவிடம் இருக்கிறது. அவர் என்னோடுதான் இருப்பார். அவரைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. நர்ஜிஸை அடக்கிய கபுரில் இன்னும் ஒழுங்காக யாரும் ஓதவில்லை. நான் ஓதியது திக்கல், அந்தக் கிழவர் ஓதியது பாதி. நீங்கள் வந்து ஓத வேண்டும். எழுத்துப் பிசகாமல், அந்தக் குரலில். வேறு வீடுகளில் என்ன வாங்குகிறீர்களோ அதைச் சொல்லி அனுப்புங்கள். என் நிலத்துக் கோதுமையில் அளந்து வைக்கிறேன்.

ஹம்தூனா